நிற்க: சிரிக்க வைக்கும் கடிதங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை மந்தைவெளியில் ஒரு நண்பர் வீட்டு மொட்டை மாடி. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் 'நிற்க' என்ற பேரில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவோம். ஒருவர் ஒரு பழைய கடிதத்தைப் படிப்பார். மற்றவர்கள் சுண்டலைத் தின்றபடி கேட்போம். பேர் பெற்றவர்கள் எழுதியதாக இருக்க வேண்டும், சிரிப்பு வர வேண்டும். இந்த இரண்டுதான் விதி. புதிதாக வருகிறவர்கள் திரும்பத் திரும்ப ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள். நான்தான் வாய் வலிக்கப் பதில் சொல்கிறவன் என்பதால், எழுதியே வைத்துவிட்டேன்.

நகைச்சுவைக் கடிதம் என்றால் ஜோக்கை எழுதித் தபாலில் போடுவதா?

அது வேறு. ஜோக்கை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம். கடிதம் ஒரே ஒருவருக்குப் போவது. அவருக்கு மட்டும் புரிகிற, அவரை மட்டும் மடக்குகிற சிரிப்பு அதில் இருக்கும். நாங்கள் இதுவரை படித்தவற்றில் முக்கால்வாசி, ஒன்று எதையாவது கேட்டு எழுதியவை, இல்லையென்றால் புகார். நேரே கேட்கக் கூச்சம், கேட்காமல் இருக்கவும் முடியாது; அந்த இடுக்கில்தான் நல்ல சிரிப்பு பிறக்கிறது. வயிறு நிறைந்தவர் எழுதிய நகைச்சுவைக் கடிதம் பெரும்பாலும் சுமார் ரகம். இது என் கட்சி. மாடியில் இதற்கு எதிர்க்கட்சியும் உண்டு.

இதெல்லாம் வெள்ளைக்காரர்கள் சமாச்சாரம்தானே? தமிழில் உண்டா?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவருக்கு அன்றைக்குச் சுண்டல் கிடையாது.

நம்மிடம் உள்ள மிகப் பழைய சிபாரிசுக் கடிதத்தை எழுதியவர் சாட்சாத் சிவபெருமான். பாணபத்திரர் என்ற இசைக்கலைஞருக்குக் கையில் காசில்லை. மதுரை ஆலவாய்ச் சிவன், சேர நாட்டுச் சேரமான் பெருமாளுக்கு ஓர் ஓலை எழுதிப் பாணர் கையிலேயே கொடுத்தனுப்புகிறார். திருமுகப் பாசுரம் என்று பெயர். பதினோராம் திருமுறையில் முதல் பாட்டே அதுதான். பக்தியோடு படிப்பவர்கள் என்னை மன்னிக்கணும், எனக்கு அதில் பிடித்தது கடவுளின் அலுவலக ஒழுங்கு. முதலில் அனுப்புநர் முகவரி: உயர்ந்த மதில் சூழ்ந்த மாடக்கூடல், அன்னம் திரியும் சோலை, 'ஆலவாயில் மன்னிய சிவன் யான்'. அப்புறம் பெறுநருக்குப் புகழ்ச்சி. அதன்பின் ஆளை அறிமுகப்படுத்துகிறார். கடைசி வரியில் விஷயம்: 'மாண்பொருள் கொடுத்து வரவிடுப்பதுவே'. பணத்தைக் கொடுத்து ஆளைத் திருப்பி அனுப்பு. எல்லாம் வல்லவரே நேரடியாகப் பொற்கிழி கொடுத்திருக்கலாமே, எதற்கு இன்னொருவருக்கு எழுதினார் என்று ஒரு பையன் கேட்டான். பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை, ஆனால் நல்ல கேள்வி.

அடுத்தது சத்திமுத்தப் புலவர். கும்பகோணம் பக்கத்து ஊர்க்காரர். பரிசில் தேடி மதுரைக்குப் போய், போர்த்திக்கொள்ளத் துணியில்லாமல் குளிரில் உட்கார்ந்திருக்கிறார். மேலே நாரை பறக்கிறது. அதையே தபால்காரனாக்கிப் பெண்டாட்டிக்குச் சேதி சொல்லிவிடுகிறார். 'நாராய் நாராய்' பாட்டைப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தபோது யாருக்கும் சிரிப்பு வந்திருக்காது. இப்போது நிதானமாகப் பாருங்கள். நாரையின் அலகுக்குப் பனங்கிழங்கைப் பிளந்தது போல என்று உவமை. ஆள் பசியில் இருக்கிறார், பார்க்கிற பறவையின் மூக்குகூடத் தின்கிற பொருளாகத் தெரிகிறது! அவர் வீட்டு விலாசம்: நனைந்த சுவர், கூரை, அதில் பல்லி, அந்தப் பல்லி நல்ல சகுனமாகக் கத்துமா என்று பார்த்துக்கொண்டிருக்கும் மனைவி. தன்னைப் பற்றிச் சொல்வது: கையால் உடம்பைப் பொத்தி, காலைத் தூக்கி மேலே போர்த்தி, பெட்டிக்குள் அடைத்த பாம்பு மாதிரி மூச்சு விட்டுக்கொண்டிருக்கும் ஓர் ஏழையைக் கண்டேன் என்று சொல். பரிதாபப்படு என்று ஒரு வார்த்தை இல்லை. காலைப் போர்வையாகப் போட்டுக்கொள்கிற படம் மட்டும் இருக்கிறது. டிசம்பர் மாதம் சென்ட்ரல் வாசலில் இரவு ரயிலுக்குக் காத்திருந்தவர்கள் அந்தப் படத்தை நேரிலேயே பார்த்திருப்பார்கள்.

பாரதியாரும் இப்படி எழுதினாராமே?

எழுதினார். புலவர்கள் வள்ளல்களுக்குப் பாட்டாகவே அனுப்பும் கடிதத்துக்குச் சீட்டுக்கவி என்று பெயர். அதற்கு ஒரு விசித்திர மரபு உண்டு. கேட்கிறவன் தாழ்ந்து போகக் கூடாது. முதலில் தன் பெருமையைத்தான் அளக்க வேண்டும். 1919-இல் பாரதியார் எட்டயபுரம் ஜமீன்தாருக்கு அனுப்பிய ஓலைத்தூக்கு இந்த மரபின் உச்சம். கையில் காசில்லாத காலம். அந்த மனிதர் எழுதுகிறார்: தமிழ்நாட்டில் கவியரசர் இல்லை என்ற பழி 'என்னாற் கழிந்ததன்றே!' சரி, கேட்பது என்ன? ஒரு மூட்டை அரிசியா? இல்லை. நான் பாட, நீ கேட்டு, ஜயப்பறை கொட்டுவித்து, சால்வைகள், பொற்பைகள், ஜதிபல்லக்கு, பரிவாரங்கள் எல்லாம் பரிசாகக் கொடுத்து நீ பல்லூழி வாழ்க!

இதில் கிண்டல் எவ்வளவு, நிஜம் எவ்வளவு என்று மாடியில் ஒரு முறை இரவு ஒன்பதரை வரை சண்டை. முழுக்க நிஜம் என்பது ஒரு தரப்பு. பல்லக்கு ஏறுகிற காலம் போய்விட்டது அவருக்குத் தெரியாதா, தெரிந்தே கேட்டார் என்று நான் சொன்னேன். அரிசி கேட்டால் பிச்சை. பல்லக்கு கேட்டால் கவிஞன். அந்த வித்தியாசத்துக்காகத்தான் அந்தச் சிரிப்பு.

சென்னையிலிருந்து போன கடிதங்களில் உங்களுக்குப் பிடித்தது எது?

கணக்கு மேதை ராமானுஜன் எழுதியது. அதில் நகைச்சுவை எங்கே வந்தது என்று கேட்பீர்கள்.

1913 ஜனவரி 16. மெட்ராஸ் துறைமுகக் கணக்குப் பிரிவில் குமாஸ்தா. கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதுகிறார்: வருடத்துக்கு 20 பவுண்டு சம்பளம், வயது சுமார் 23. உண்மையில் அப்போது அவருக்கு 25 முடிந்திருந்தது. எண்களோடு பிறந்தவர் தன் வயதில் மட்டும் 'சுமார்' போட்டது எனக்குப் பிடிக்கும். இந்தக் கடிதம் எல்லாப் புத்தகத்திலும் வருகிறது.

நாங்கள் படிப்பது அடுத்ததை. ஹார்டியிடமிருந்து பதில் வந்ததும் பிப்ரவரி 27-இல் இவர் மறுபடி எழுதுகிறார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று முடிவில்லாமல் கூட்டிக்கொண்டே போனால், என் முறைப்படி விடை மைனஸ் பன்னிரண்டில் ஒரு பங்கு என்கிறார். உடனே அடுத்த வரி: இதைச் சொன்னால், நான் போக வேண்டிய இடம் பைத்தியக்கார ஆஸ்பத்திரி என்று உடனே கையைக் காட்டிவிடுவீர்கள். மெட்ராஸ்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1871-லிருந்து அந்த ஆஸ்பத்திரி கீழ்ப்பாக்கத்தில்தான். இன்றைக்கு அந்தப் பேரை வைத்துக் கிண்டல் செய்வது நாகரிகமில்லை என்று கற்றுக்கொண்டுவிட்டோம். அவர் தன்னையேதான் கிண்டல் செய்துகொள்கிறார்.

எதிராளி என்ன நினைப்பான் என்பதை முன்கூட்டியே தானே சொல்லி, அவன் வாயை அடைப்பது பெரிய வித்தை. வக்கீல்கள் செய்வார்கள், மாமியார்கள் செய்வார்கள். அதே கடிதத்தில் இன்னொரு வரி: நான் ஏற்கெனவே அரைப்பட்டினிக்காரன், என் மூளையைக் காப்பாற்றச் சோறு வேண்டும், இப்போது அதுதான் முதல் கவலை. சூத்திரங்களுக்கு நடுவே இது வருகிறது. அந்த வருடமே சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்தது. சிவபெருமான் எழுதியதற்கு அடுத்தபடி, கேட்டது கிடைத்த கடிதம் எங்கள் பட்டியலில் இதுதான்.

மார்க் ட்வைன் கடிதங்கள் ஏன் எல்லோருக்கும் பிடிக்கின்றன?

அந்த அமெரிக்க எழுத்தாளர் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு எழுதுவார். 1896-இல் கல்கத்தாவிலிருந்து கப்பலில் இலங்கைக்குப் போகும் வழியில் மெட்ராஸில் ஒரு நாள் நின்றவர், அதனால் பாதி நம்மூர்க்காரர் என்பது என் வாதம்.

அமெரிக்கக் கோடீஸ்வரர் ஆண்ட்ரூ கார்னகிக்கு அவர் எழுதியது: இப்போது வசதியாக இருக்கிறீர்கள் போலத் தெரிகிறது, பக்திப் பாட்டுப் புத்தகம் வாங்க ஒன்றரை டாலர் கடன் கொடுக்க முடியுமா, கடவுள் உங்களை ஆசீர்வதிப்பார். பின்குறிப்பு: புத்தகத்தை அனுப்பாதீர்கள், பணத்தை அனுப்புங்கள். எந்தப் புத்தகம் என்பதை நானே பார்த்து வாங்கிக்கொள்கிறேன். நம் வீட்டுப் பையன் 'நோட்டு வாங்கணும்' என்று கேட்டு, 'நீ சும்மா இரு, நானே வாங்கி வரேன்' என்று அப்பா சொன்னதும் முழிப்பானே, அந்த முழி தெரிகிறது அதில்.

இன்னொன்று, முன்னறிவிப்பில்லாமல் கேஸை நிறுத்திவிடும் கம்பெனிக்கு. கெட்ட வார்த்தைகளாகப் பொழிந்துவிட்டு, உங்கள் இந்தப் பழக்கம் என்றைக்காவது எனக்கு எரிச்சல் வருகிற விளிம்புவரை கொண்டுபோய் விட்டுவிடும் என்கிறார். அதாவது இன்னும் எரிச்சல் வரவில்லையாம். மே மாதம் நடுராத்திரி கரண்ட் போன தெருவில், பால்கனியில் விசிறியோடு நின்று இதைப் படித்துப் பாருங்கள்.

க்ரௌச்சோ மார்க்ஸ் – வார்னர் கடிதம்? அது நிஜமா?

கடிதம் நிஜம். 1942-இல் வார்னர் கம்பெனி 'காஸாப்ளாங்கா' என்று படம் எடுத்தது. ஹாலிவுட் நகைச்சுவை நடிகர்களான க்ரௌச்சோ முதலிய மார்க்ஸ் சகோதரர்கள், 1946-இல் வெளிவந்த தங்கள் படத்துக்கு 'எ நைட் இன் காஸாப்ளாங்கா' என்று பேர் வைக்க, வார்னர் தரப்பு விசாரித்தது. க்ரௌச்சோவின் பதில்: ஊர்ப் பேர் உங்கள் சொத்தா? அப்படியானால் 'வார்னர் பிரதர்ஸ்' என்று எப்படி வைத்தீர்கள், உங்களுக்கு முன்னாலேயே நாங்கள் பிரதர்ஸ் ஆயிற்றே! உங்கள் பட நாயகி இன்க்ரிட் பெர்க்மனுக்கும் என் தம்பி ஹார்ப்போவுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க ரசிகர்கள் நாளாவட்டத்தில் கற்றுக்கொள்வார்கள் என்றும் எழுதினார். ஒரு சின்னத் திருத்தம், ஹார்ப்போ அவருக்கு அண்ணன். தம்பி என்றது நான். கதைச் சுருக்கம் கேட்டு வார்னர் தரப்பு மேலும் எழுத, இவர் வாய்க்கு வந்த கதைகளை எழுதி அனுப்பினார்.

வார்னர் தரப்பு வழக்கு வரை போகவே இல்லை, படத்துக்கு விளம்பரமாகட்டும் என்று க்ரௌச்சோ ஊதிப் பெரிதாக்கினார் என்பது பிறகு ஆராய்ந்தவர்கள் கணிப்பு. 'எங்களுக்கு வேறெங்கும் கிளைகள் இல்லை' என்று பக்கத்துப் பக்கத்துக் கடை இரண்டிலும் போர்டு பார்த்து வளர்ந்த நமக்கு, இந்தச் சண்டை சுலபமாகப் புரியும்.

'ஒரு நண்பர் இருந்தால் அழைத்து வாருங்கள்' என்று பெர்னார்ட் ஷா சர்ச்சிலுக்கு எழுதியது?

முதல் நாள் நாடகத்துக்கு இரண்டு டிக்கெட், ஒன்று உங்கள் நண்பருக்கு, அப்படி யாராவது இருந்தால் என்று ஷா எழுத, முதல் நாள் வர முடியாது, இரண்டாம் நாள் வருகிறேன், அப்படி ஒன்று நடந்தால் என்று சர்ச்சில் பதில் போட்டாராம். இருவருமே இதை மறுத்திருக்கிறார்கள். பிரெஞ்சு எழுத்தாளர் விக்டர் ஹ்யூகோ, தன் புத்தகம் எப்படி விற்கிறது என்று கேட்க வெறும் கேள்விக்குறி அனுப்ப, பதிப்பாளர் வெறும் ஆச்சரியக்குறி அனுப்பினார் என்பதும் இந்தக் கணக்கில்தான். மாடியில் இவற்றைப் படிப்பதில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்லிக்கொள்ளலாம்.

அரசியல் தலைவர்கள்?

காந்தியும் சரோஜினி நாயுடுவும் எழுதிக்கொண்டவை தேறும். அவர் இந்த அம்மையாரைப் 'புல்புல்' என்று அழைப்பார். தன்னைக் 'குட்டி மனிதன்', 'நூற்பவன்' என்று ஏதாவது போட்டுக் கையெழுத்திடுவார். அம்மையார் அவருக்கு வைத்த பேர் மிக்கி மவுஸ். சிறைக்குப் போவதும் வருவதுமாக இருந்த வாழ்க்கையில் இந்தக் கேலி ஓயவே இல்லை. நம் பக்கத்தில் அண்ணாவின் 'தம்பிக்கு', கலைஞரின் 'உடன்பிறப்பே' இரண்டிலும் எதிர்க்கட்சியைக் குத்தும் இடங்களில் நல்ல சிரிப்பு உண்டு. ஆனால் அவை லட்சம் பேருக்கு எழுதியவை. ஒருவருக்குப் போகாததைக் கடிதமாகச் சேர்ப்பதா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.

எழுத்தாளர்களில் யாரைப் படிக்கலாம்?

ரசிகமணி டி.கே.சி.யை எடுத்தால் கீழே வைக்க மாட்டீர்கள். கம்பனும் சாப்பாடும் ஒரே இலையில். கு. அழகிரிசாமி தன் ஊர்க்காரரும் சிநேகிதருமான கி. ராஜநாராயணனுக்கு எழுதியவை இன்னொரு ருசி. புதுமைப்பித்தன் மனைவி கமலாவுக்கு எழுதியவற்றைச் சிரிக்கலாம் என்று எடுத்தால் பணக்கஷ்டம் வந்து தொண்டையை அடைக்கும். ஒரு முறை படித்தோம். அன்றைக்குச் சுண்டல் மிஞ்சிப் போயிற்று.

பேர் பெறாதவர்கள் எழுதியது கூடவே கூடாதா?

ஒரே ஒரு விலக்கு. 1909-இல் ஓகில் சந்திர சென் என்ற வங்காளி ரயில்வேக்கு எழுதிய புகார். பலாப்பழம் தின்று வயிறு உப்ப, அகமதுபூர் ஸ்டேஷனில் இறங்கி ஒதுங்குகிறார். கார்டு விசில் ஊதிவிடுகிறார். ஒரு கையில் சொம்பு, மறு கையில் வேட்டியோடு ஓடிவந்து பிளாட்பாரத்தில் எல்லார் முன்னும் விழுகிறார். ரயில் பெட்டிகளில் கழிப்பறை வந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பார்கள். டெல்லி ரயில் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். எல்லோரும் அவருடைய ஓட்டை இங்கிலீஷைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த விழுகிற காட்சியைச் சுத்தமான இங்கிலீஷில் எழுதியிருந்தாலும் சிரிப்பு வரும்.

கோபத்தில் எழுதலாமா?

எழுதலாம், அனுப்புவதற்கு முன் ஒரு காபி குடியுங்கள். அமெரிக்க விடுதலைப் போர் மூண்ட 1775-இல் அமெரிக்கத் தலைவர் பெஞ்சமின் ஃப்ராங்க்ளின் தன் நெடுநாள் லண்டன் நண்பர் ஸ்ட்ரஹானுக்கு எழுதினார்: நாம் வெகுகாலம் சிநேகிதர்கள், இப்போது நீர் என் எதிரி, நான் தங்கள், பி. ஃப்ராங்க்ளின். 'இப்படிக்குத் தங்கள்' என்ற சம்பிரதாய வார்த்தையையே கத்தியாக்கிவிட்டார். ஆனால் அனுப்பவில்லை! இசையமைப்பாளர் மாக்ஸ் ரேகர் 1906-இல் அனுப்பியே விட்டார். தன்னைத் திட்டிய விமர்சகருக்கு: என் வீட்டின் மிகச் சிறிய அறையில் உட்கார்ந்திருக்கிறேன், உங்கள் விமர்சனம் எனக்கு முன்னால் இருக்கிறது, சற்று நேரத்தில் பின்னால் இருக்கும்.

'நிற்க' என்று ஏன் எழுதுவார்கள்? யார் நிற்க வேண்டும்?

எங்கள் கூட்டத்துக்கே அதுதான் பெயர். பழைய தமிழ்க் கடிதத்தில் பிள்ளையார் சுழி, 'இவ்விடம் அனைவரும் நலம், அவ்விடம் நலமறிய ஆவல்', மழை, மாடு கன்று போட்டது எல்லாம் வந்த பிறகு தனியாக ஒரு 'நிற்க'. இதுவரை சொன்னது நிற்கட்டும் என்று அர்த்தம். எங்கள் பெரியப்பா அஞ்சலட்டையில் அந்த வார்த்தை வந்ததும் அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அடுத்த வரி பணம். 'நிற்க' வரை ஒரு பொடி எழுத்து, அதற்குப் பிறகு இன்னும் பொடி. கடைசியில் இடம் போதாமல் ஓரத்தைச் சுற்றி, முகவரிப் பக்கத்தில் எட்டிப் பார்க்கும். எவ்வளவு தொகை என்பது எப்போதும் அந்த ஓரத்தில்தான் இருக்கும், அட்டையைத் திருப்பித் திருப்பிப் படிக்க வேண்டும். பெரியப்பாவுக்குப் பேர் புகழ் கிடையாது, இருந்தாலும் கட்டமைப்பில் அவர் சிவபெருமான் வழி.

நானும் முயற்சி செய்யலாமா?

தாராளமாக. ஆனால் யாருக்குப் போகிறது என்று தெரிந்து எழுதுங்கள். என் கதை இது. ஒரு கடையில் மிக்ஸி வாங்கினேன். நாற்பத்தோராம் நாள், தேங்காய்ச் சட்னி பாதியில் இருக்கும்போது நின்றுவிட்டது. நாலு முறை போன் செய்தும் ஆள் வரவில்லை. சரி என்று ஓர் அஞ்சலட்டை வாங்கி, நாலு மூலையிலும் கருப்பு மை தடவி, கருமாதிப் பத்திரிகை பாணியில் எழுதினேன்: 'எங்கள் வீட்டு மிக்ஸி நேற்றுக் காலை சட்னி அரைத்துக்கொண்டிருக்கையில் இறைவனடி சேர்ந்தது என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம். வயது 41 நாள். உத்தரகிரியைக்குத் தங்கள் மெக்கானிக்குடன் வந்திருந்து...' எனக்கு நானே சிரித்துக்கொண்டு பெட்டியில் போட்டேன்.

மூன்றாம் நாள் போன். முதலாளியே பேசினார். "சார், ஆடி வெள்ளிக்கிழமை, பூஜை முடிச்சுட்டுக் கல்லாவுல உட்கார்றேன், முதல் தபால் கருப்பு மை தடவின கார்டு. ஊர்ல எங்க அம்மாவுக்குத் தொண்ணூறு வயசு சார். எனக்கு உயிரே போய் வந்துது." நான் மன்னிப்புக் கேட்டேன். அன்று மதியமே மெக்கானிக் வந்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.

அஞ்சலட்டையெல்லாம் இன்னும் கிடைக்கிறதா?

கிடைக்கிறது, 50 பைசா. 1879-இல் கால் அணாவுக்கு வந்தது. ராஜாஜி சாலை ஜி.பி.ஓ.வில் கேட்டால் கொடுப்பார்கள். ஐம்பது பைசாவுக்குச் சில்லறை கேட்காதீர்கள், இரண்டாக வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆனால் அட்டையில் எழுதினால் போஸ்ட்மேன் படித்துவிடுவாரே?

படிப்பார். மிக்ஸி சரியாகி ஒரு வாரம் கழித்து அந்த முதலாளியிடமிருந்து எனக்கு ஓர் அட்டை வந்தது. நாலு மூலையிலும் மஞ்சள். 'தங்கள் மிக்ஸி மறுபிறவி எடுத்ததில் மகிழ்ச்சி. நிற்க. ஜாரைக் கழுவி ஈரத்தோடு மாட்டுவதுதான் காரணம் என்று மெக்கானிக் சொல்கிறார்.' எங்கள் தெருப் போஸ்ட்மேன் அதை என் கையில் கொடுத்துவிட்டு சைக்கிளை நகர்த்தாமலே நின்றார்.

"இப்பவாவது காய வெச்சு மாட்டறீங்களா சார்?"